எல்லைக் காட்டில் விழுந்தவர்கள்: கெடாத் தோட்டங்களும் கணக்கில் வராத தியாகமும்

மலேசியா ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 31ஆம் நாளை வீரர் தினமாகக் கொண்டாடுகிறது. 1948இல் தொடங்கிய அவசரகாலம் 1960ஆம் ஆண்டு முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட நாள் அது. அன்று மலர்வளையம் வைக்கப்படுகிறது, எக்காளம் ஒலிக்கிறது, மாண்டவர்களுக்காக மௌனம் காக்கப்படுகிறது. அந்த மௌனத்தில் கெடாத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. அதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். கொம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான நீண்ட போர் கெடாத் தோட்டப்புறத்தை எப்படித் தொட்டது? அந்தப் போரில் இந்தியர்கள் எந்த வழியாகச் சீருடைக்கு வந்தார்கள்? விழுந்தவர்களை நாடும் சமூகமும் எப்படி நினைவில் வைத்திருக்கின்றன?

எல்லைப்புற மாநிலம்

வரைபடத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கெடாவின் மேற்கே கடலோரச் சமவெளியும் நெல்வயலும் இருக்கின்றன. தெற்கிலும் நடுவிலும் கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங், கோலக்கெட்டில் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள். கிழக்கே பாலிங், சிக், பாடாங் தெராப் மாவட்டங்களின் காடுகள் தாய்லாந்து எல்லைவரை ஏறிச் செல்கின்றன. பால்மரக் காடு முடியும் இடத்தில் பெருங்காடு தொடங்கிவிடும். அந்தப் பெருங்காட்டுக்கு அப்பால் இன்னொரு நாடு. துரத்தப்படுகிறவனுக்கு இதைவிட வசதியான இடம் வாய்க்காது. துரத்துகிறவனுக்கோ இதைவிடக் கடினமான இடம் இல்லை.

ஆயுதம் இந்த மண்ணுக்கு 1948இல் புதிதாக வந்ததும் அல்ல. 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் இந்தியப் படை ஜப்பானியரிடம் தோற்றுச் சிதறியது. 14ஆவது பஞ்சாப் படைப்பிரிவின் கேப்டன் மோகன் சிங் சரணடைந்து, அலோர் ஸ்டாரில்தான் இந்திய தேசிய ராணுவத்துக்கு முதல் வித்திட்டார். பின்னர் சுபாஷ் சந்திர போஸ் வந்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். அதே ஆண்டுகளில் சயாம் மரண ரயில்பாதை பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்களை விழுங்கியது. போர் முடிந்து லயத்துக்கு, அதாவது தோட்டக் குடியிருப்புக்குத் திரும்பியவனுக்குத் துரையைப் பார்த்து நடுங்கும் பழைய பழக்கம் போயிருந்தது.

அந்த மாற்றத்தின் முகம் தொண்டர் படை. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் லாரி ஓட்டுநராக இருந்த ஏ.எம். சாமி அதை நடத்தினார். கள்ளுக்கடையை மூடு, குடியை விடு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று தொடங்கிய சீர்திருத்தம் சீக்கிரமே கூலிப் போராட்டத்தோடு சேர்ந்துகொண்டது. 1947இன் தொடக்கத்தில் பீடோங்கில் போலீசுடன் மோதல் மூண்டு உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அதே ஆண்டு கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி மாண்டார். ஆக, அவசரகாலம் வருவதற்கு ஓராண்டு முன்பே கெடாத் தோட்டத் தமிழனுக்குச் சீருடை என்றால் தன்னைச் சுட்ட துப்பாக்கிதான் நினைவுக்கு வந்தது. பின்னாளில் இதே தோட்டப்புறத்துப் பிள்ளைகள் அதே அரசின் சீருடையை அணிந்தார்கள் என்பதை இந்தப் பின்னணியோடு வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கம்பி வேலிக்குள் தோட்டம்

1948 ஜூன் 16ஆம் தேதி பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் முதல் பலி தொழிற்சங்கம். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான பி. வீரசேனன் ஜெலுபு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த இரு பெயர்களும் தமிழர் நினைவில் ஆழமாகத் தங்கிவிட்டன. தங்க வேண்டியவைதான்.

தோட்டத்தில் இருந்த எளிய மனிதருக்கோ போர் இரு பக்கத்திலிருந்தும் வந்தது. காட்டிலிருந்து வந்தவர்கள் அரிசி கேட்டார்கள், சந்தா கேட்டார்கள், பால்மரங்களை வெட்டிச் சிதைத்தார்கள். காட்டிக் கொடுத்தான் என்று சந்தேகம் வந்தால் ஆளையே முடித்தார்கள். விடிந்ததும் ராணுவமும் போலீசும் வந்து, இரவு யாருக்குச் சோறு போட்டாய் என்று கேட்டார்கள். பதில் சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து.

1950இல் வந்த பிரிக்ஸ் திட்டம் காட்டோரத்துக் குடியிருப்புகளைப் பெயர்த்து, 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் புதுக்கிராமங்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள் என்பதால் அந்தக் கதை சீனர் கதையாகவே சொல்லப்படுகிறது. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் இருந்த ஏறத்தாழ 6 லட்சம் தொழிலாளர்கள் வேலைத்தளத்துக்குள்ளேயே ஓரிடத்தில் திரட்டப்பட்டதை அதிகம் பேர் பேசுவதில்லை. சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றாக்கப்பட்டன. சுற்றிலும் முள்கம்பி வேலி, வாசலில் காவல், இரவில் ஊரடங்கு. விடியற்காலை பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து வெட்டுக்குப் போகிறவரின் சோற்றுப் பாத்திரத்தைக்கூடத் திறந்து பார்த்தார்கள். காட்டுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாது என்பதுதான் கணக்கு. ராணுவ மொழியில் இதற்கு உணவு மறுப்பு என்று பெயர். அந்தக் கெடுபிடியின் முழு எடையையும் சுமந்தவர்கள் வேலிக்குள் இருந்த குடும்பங்கள்.

வேலிக்கு வெளியே காவல் நின்றவர்கள் பெரும்பாலும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். 1950களின் தொடக்கத்தில் அவர்கள் எண்ணிக்கை நாடெங்கும் ஏறத்தாழ 40,000. பெரும்பான்மையினர் மலாய்க்காரர்கள். ஊருக்குள் நடந்த காவல் பணிகளில் மற்ற இனத்தவரும் இருந்தார்கள். அவசரகாலத்தின் 12 ஆண்டுகளில் பாதுகாப்புப் படைகளின் தரப்பில் ஏறத்தாழ 1,860 பேர் மாண்டார்கள். அவர்களில் 1,340க்கு மேற்பட்டோர் காவல்துறையையும் அதன் துணைப்படைகளையும் சேர்ந்தவர்கள். பிரிட்டிஷ், கூர்க்கா, காமன்வெல்த் துருப்புகளின் சாகசங்களைப் பற்றி ஆங்கிலத்தில் அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. செத்தவர் கணக்கில் முதலிடம் மாதச் சம்பளத்துக்குக் காவல் நின்ற உள்ளூர்க்காரருக்கே. பொதுமக்களில் மாண்டவர் ஏறத்தாழ 2,500 பேர், காணாமற்போனவர் 800க்கு மேல். கெரில்லாக்கள் தரப்பில் 6,700க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

பாலிங்கில் இரண்டு நாள்

இந்தப் போரை முடிக்க நடந்த மிக முக்கியமான முயற்சியும் கெடாவில்தான் நடந்தது. 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் பாலிங் ஆங்கிலப் பள்ளியில் மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரகுமானும் சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷலும் மலாயாச் சீனர் சங்கத் தலைவர் டான் செங் லொக்கும் ஒரு பக்கம் அமர்ந்தார்கள். எதிரே மலாயாக் கொம்யூனிஸ்ட் கட்சியின் சின் பெங், ரஷீத் மைடின், சென் தியென். துங்குவுக்கு இது சொந்த மண். அலோர் ஸ்டாரில் பிறந்தவர், கூலிமில் மாவட்ட அதிகாரியாக இருந்தவர், அந்த ஆண்டுத் தேர்தலில் கெடாத் தொகுதி ஒன்றிலிருந்தே வென்றவர்.

சரணடையுங்கள் என்றார் துங்கு. கட்சிக்கு அங்கீகாரம் இல்லாமல் ஆயுதத்தைக் கீழே வைக்க முடியாது என்றார் சின் பெங். பேச்சு முறிந்தது. அரசியல் ரீதியாகத் துங்குவுக்கு அது லாபம், சுதந்திரம் விரைந்தது. ஆனால் பாலிங் தோற்றதன் விலையை அதற்குப் பிறகு 34 ஆண்டுகள் எல்லைக் காட்டில் ரோந்து போனவர்கள் கொடுத்தார்கள். சமாதான உடன்பாடு தாய்லாந்தின் ஹாட்யாயில் 1989 டிசம்பர் 2ஆம் தேதிதான் கையெழுத்தானது. எதிரி எல்லைக்கு அப்பால் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தே 1960இல் வெற்றி அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்குப் பிறகு விழுந்தவர்களைப் பொதுமக்கள் சுலபமாக மறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். முடிந்துபோனதாகச் சொல்லப்பட்ட போரில் செத்தவனுக்கு யார் அழுவார்கள்?

சீருடைக்கு வந்த வழி

மலாயாவின் முதல் நிலைப்படையான மலாய் ரெஜிமெண்ட், பெயருக்கேற்ப மலாய்க்காரர்களுக்கு மட்டும் உரியது. இந்தியரோ சீனரோ காலாட்படையில் சேர வழியில்லாமல் இருந்தது. இனம் பார்க்காமல் ஆள் எடுக்கும் ஃபெடரேஷன் ரெஜிமெண்ட் 1952இல் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஜெனரல் டெம்ப்ளர் காலத்தில் உருவானபோதுதான் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. 1963இல் மலேசியா அமைந்ததும் சரவாக் ரேஞ்சர்ஸ் படையிலிருந்து மலேசிய ரேஞ்சர்ஸ் பிறந்தது. அதுவும் பல இனத்தவர் படை. ஆகவே எல்லைக் காட்டில் சண்டையிட்ட இந்தியர்களை ரேஞ்சர், கவசப்படை, பொறியியல், சமிக்ஞை, மருத்துவம், கமாண்டோ ஆகிய பிரிவுகளில்தான் தேட வேண்டும். போலீஸ் பக்கம் காட்டுப் படையிலும் உளவுப்பிரிவான ஸ்பெஷல் பிராஞ்சிலும் தேட வேண்டும். ஒரே படைப்பிரிவில் திரளாக இல்லாமல் எங்கும் இரண்டொருவராகப் பரவியிருந்ததால், கூர்க்கா என்றோ சரவாக்கின் இபான் என்றோ ஊர் சொல்வதுபோல ஓர் அடையாளப் பெயர் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

ஏன் போனார்கள்? நாட்டுப்பற்று என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் அடக்குவது எளிது. அது பாதி உண்மைதான். 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் மும்முரமாக நடந்தது. ஐரோப்பியக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களைச் சிறு முதலாளிகள் துண்டுபோட்டு வாங்கினார்கள். வேலையோடு லயத்து வீடும் போனது. அதைத் தடுக்க மலாயா இந்தியக் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். அதில் சேர முடிந்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்களின் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், கூடவே மரியாதை என்று நான்கையும் ஒன்றாகத் தந்த வேலை ராணுவமும் போலீசும்தான். பால்வாளியை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தவன் முதலில் தேடியது லயத்தை விட்டு வெளியேறும் வழி. உறுதிமொழி எடுத்து, ரோந்து போய், தோழன் அருகே விழுவதைப் பார்த்த பிறகு அந்த வேலை வேறொன்றாக மாறியது. தியாகம் என்பது பெரும்பாலும் இப்படி வயிற்றுப்பாட்டில் தொடங்கி, கடமையில் வளர்ந்து வருவதே. இதைச் சொன்னால் வீரனின் மதிப்பு குறையாது.

இங்கே ஒரு பெரிய முரண் உண்டு. 1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969 முதல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. பிறந்ததிலிருந்து தோட்டத்தை விட்டு நகராத பலரிடம் சிவப்பு அடையாள அட்டையே இருந்தது. ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் மூட்டை கட்டிக்கொண்டு தமிழகம் திரும்பினார்கள். அதே 1968 ஜூன் 17ஆம் தேதி, பாலிங்கை அடுத்த குரோவிலிருந்து தாய்லாந்தின் பெத்தோங் செல்லும் சாலையில் கெரில்லாக்கள் பதுங்கித் தாக்கி 17 போலீஸ்காரர்களைக் கொன்றார்கள். கொம்யூனிஸ்டுகளின் இரண்டாம் எழுச்சி தொடங்கியது. ஒரு சமூகம் இந்த நாட்டுக்கு உரியதுதானா என்று குடிநுழைவு அலுவலகக் கதவுகளில் கேட்கப்பட்ட அதே நேரத்தில், அச்சமூகத்தின் இளைஞர்கள் இந்த நாட்டு எல்லையில் காவல் நின்றார்கள்.

குபிர் காடும் காலடி வெடியும்

இரண்டாம் எழுச்சியின் போர்முறை முதலாவதிலிருந்து வேறுபட்டது. கெரில்லாக்கள் ஊருக்குள் தங்கவில்லை. தாய்லாந்து மண்ணில் முகாம். கெடா எல்லையைத் தாய்லாந்தின் சடாவ் பக்கத்திலிருந்து கெரில்லாக்களின் எட்டாவது ரெஜிமெண்ட் பார்த்துக்கொண்டது. பெத்தோங் பக்கம் பன்னிரண்டாவது ரெஜிமெண்ட். சிறு குழுக்களாக இறங்கி, தாக்கி, திரும்பிவிடுவார்கள். திரும்பும் வழியில் மண்ணுக்கடியில் வெடியைப் புதைத்துவிட்டுப் போவார்கள்.

சிக் மாவட்டத்துக் குபிர் இதற்குச் சான்று. 1976 ஏப்ரலில் அங்கே நடந்த பெரும் நடவடிக்கையில் காலாட்படை, பீரங்கி, போர் விமானம் எல்லாம் இறங்கின. முகாமை நெருங்கிய படையினர் வரிசையாகக் கண்ணிவெடிகளில் சிக்கினார்கள். அந்த நடவடிக்கையின்போதே விமானப்படையின் நூரி ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து, உள்ளே இருந்தவர்கள் மாண்டார்கள். மறு ஆண்டு மலேசியாவும் தாய்லாந்தும் சேர்ந்து சடாவ் பக்கத்திலும் பெத்தோங் பக்கத்திலும் கூட்டு நடவடிக்கைகள் நடத்தின.

1968 முதல் 1989 வரையிலான காலத்துக்குச் சொல்லப்படும் கணக்கில் பாதுகாப்புப் படையினரில் மாண்டவர் 155, காயமுற்றவர் 854. ஒருவர் செத்தால் ஐந்துக்கு மேற்பட்டவர்கள் ஊனமாகவோ காயத்தோடோ வீடு திரும்பினார்கள். காலடியில் வெடிக்கும் கண்ணி பெரும்பாலும் உயிரை எடுப்பதில்லை, காலை எடுக்கும். அதன் நோக்கமே அதுதான்: அடிபட்டவனைத் தூக்க நான்கு பேர் தேவை, அவர்களைக் காக்க இன்னும் சிலர் தேவை, ரோந்து அங்கேயே நின்றுவிடும். ஆனால் நம் வீர வணக்கங்கள் எல்லாம் மரணத்தை மட்டும் எண்ணுகின்றன. 22 வயதில் முழங்காலுக்குக் கீழ் இழந்து, இன்னும் 50 ஆண்டுகள் செயற்கைக் காலோடு வாழ்ந்தவனின் தியாகம் அளவில் சிறியதா?

இதோடு ஓய்வூதியச் சிக்கலும் சேர்கிறது. சாதாரண நிலை வீரருக்கு முழு ஓய்வூதியம் வேண்டுமானால் 21 ஆண்டு பணி முடிக்க வேண்டும் என்பது விதி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள், அதாவது போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், காட்டில் கழித்துவிட்டு வெளியேறியவர்கள் இன பேதமில்லாமல் ஓய்வூதியமற்ற முன்னாள் வீரர்கள் ஆனார்கள். அவர்களில் பலர் பின்னர் காவலாளிகளாகவும் லாரி ஓட்டுநர்களாகவும் காலம் தள்ளினார்கள். உதவித்தொகைகள் அவ்வப்போது அறிவிக்கப்பட்டன. நிலையான தீர்வுக்கான கோரிக்கை இன்னும் ஓயவில்லை.

இரண்டு பெயர்கள்

பொதுவாகப் பேசுவதை விட்டு, பதிவில் இருக்கும் இரண்டு பெயர்களுக்கு வருவோம்.

முதல் பெயர், கேப்டன் மோகன சந்திரன் வேலாயுதன். கமாண்டோ அதிகாரி. 1971 ஜூன் 13ஆம் தேதி, கெடாவை அடுத்த பேராக்கின் உலு கிந்தாக் காட்டில் கெரில்லாக்களின் தடம் பற்றிச் சென்ற குழுவை வழிநடத்தியபோது ஏற்பட்ட மோதலில் உயிர் நீத்தார். அவருக்கு இறப்புக்குப் பின் ஸ்ரீ பஹ்லவான் காகா பெர்க்காசா விருது வழங்கப்பட்டது. 1960இல் நிறுவப்பட்ட அந்த விருதுதான் நாட்டின் விருது வரிசையில் முதலாவது. துன் பட்டத்துக்கும் மேலே இருப்பது. சிவப்பு அடையாள அட்டையோடு கப்பலேறியவர்களின் கண்ணீர் காயாத காலத்தில், ஒரு மலேசிய இந்தியர் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதை உயிரைக் கொடுத்துப் பெற்றார். இந்தச் செய்தி எத்தனை தமிழ்ப்பள்ளிச் சுவர்களில் இருக்கிறது?

இரண்டாம் பெயர், துப்பறியும் கார்ப்பரல் ஆர். சகாதேவன். இது கொம்யூனிஸ்ட் போர் முடிந்து பத்தாண்டுக்குப் பிறகு நடந்தது. 2000 ஜூலை 2ஆம் தேதி அல்-மாவுனா என்ற கும்பல், ராணுவ அதிகாரிகள்போல வேடமிட்டுப் பேராக்கின் கெரிக் வட்டார முகாம்களில் நூற்றுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு, சாவுக் அருகே புக்கிட் ஜெனாலிக் குன்றில் பதுங்கியது. பிணை பிடிக்கப்பட்டவர்களில் ஸ்பெஷல் பிராஞ்சைச் சேர்ந்த சகாதேவனும், மாத்தியூ அனாக் மேடான் என்ற இபான் ராணுவ வீரரும் கொல்லப்பட்டார்கள். ஜூலை 6ஆம் தேதி கும்பல் சரணடைந்தது. அதன் தலைவன் 2006இல் தூக்கிலிடப்பட்டான். துரோகத்தை நெருங்கிப் பார்க்கப் போன வேவுக்காரனின் மரணம் போர்க்கள மரணத்தைவிடத் தனிமையானது. சுற்றிலும் படை இல்லை, கையில் ஆயுதமும் இல்லை.

இந்த இருவரும் பதிவில் இருப்பதற்குக் காரணம் விருதும் வழக்கும். இவை இரண்டும் வாய்க்காத மற்றவர்கள் படைப்பிரிவுப் பதிவேட்டில் எண்ணாக மட்டும் இருக்கிறார்கள்.

யாருடைய நினைவு?

அரசின் நினைவு கோலாலம்பூரில் வெண்கலமாக நிற்கிறது. 1966 பிப்ரவரி 8ஆம் தேதி திறக்கப்பட்ட தேசிய நினைவுச்சின்னத்தில் ஏழு உருவங்கள். அமெரிக்காவின் இவோ ஜிமா சின்னத்தைச் செய்த ஃபெலிக்ஸ் டி வெல்டன் வார்த்தது. 1975 ஆகஸ்டில் கெரில்லாக்கள் வைத்த குண்டு அதைச் சிதைத்தது. சீர்செய்யப்பட்டு 1977இல் மீண்டும் திறக்கப்பட்டது. சிலையைக்கூட எதிரி விட்டுவைக்கவில்லை என்பது அந்த நினைவின் ஆற்றலுக்குச் சான்று. ஆனால் பெருஞ்சிலை முகங்களைக் காட்டுவதில்லை. எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்தக் குடும்பம் என்பதை வட்டார நினைவுதான் காக்க வேண்டும்.

நம் சமூகத்தின் நினைவோ வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது. கணபதியையும் வீரசேனனையும் பற்றி எழுதுகிறோம், மரண ரயில்பாதையைப் பற்றி நாவல்கள் வந்திருக்கின்றன. அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ அவசரகாலத்துத் தோட்ட வாழ்வை எழுத்தில் நிறுத்தியது. கெடாவிலிருந்தே கோ. புண்ணியவான், ம. நவீன், கே. பாலமுருகன் என்று வலுவான எழுத்தாளர் வரிசை உண்டு. இருந்தும் எல்லைக் காட்டில் ரோந்து போன தோட்டத்துப் பையன் தமிழ்ப் புனைவின் மையத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

காரணம் விளங்காமல் இல்லை. தொழிற்சங்கத்தை நசுக்கிய அரசின் படையில் சேர்ந்தவனை எப்படிப் பாடுவது என்ற தயக்கம் இடதுசாரி மனத்துக்கு உண்டு. நம்மை ஒதுக்கிய நாட்டுக்காக ஏன் சாக வேண்டும் என்ற கசப்பு சராசரி மனத்துக்கு உண்டு. இரண்டுமே நியாயமான உணர்வுகள். ஆனால் இரண்டும் செத்தவனைத் தண்டிக்கின்றன. கணபதி தூக்கு மேடையில் நின்றதும், மோகன சந்திரன் உலு கிந்தாவில் விழுந்ததும் ஒரே சமூகத்தின் வரலாறு. ஒருவரை நினைக்க இன்னொருவரை மறக்க வேண்டும் என்பது கட்சிக்குப் பொருந்தலாம், வரலாற்றுக்குப் பொருந்தாது.

இபான் சமூகம் நமக்கு முன்மாதிரி காட்டுகிறது. கனாங் அனாக் லங்காவ், மோகன சந்திரன் விழுந்த அதே உலு கிந்தாப் பகுதியில் 1980இல் சண்டையிட்டுப் படுகாயம் அடைந்து அதே உயர் விருதைப் பெற்றார். அவர் பெயரைச் சரவாக்கில் பிள்ளைகளும் அறிவார்கள். அவர் வாழ்க்கை நூலாகவும் திரைப்படமாகவும் வந்துவிட்டது. அரசு செய்யட்டும் என்று அந்தச் சமூகம் காத்திருக்கவில்லை.

தமிழ் உலகின் பிற களங்கள்

கெரில்லாப் போரில் விழுந்த வீரனை நினைப்பதில் உள்ள சிக்கல் மலேசியாவுக்கு மட்டும் உரியதல்ல. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இந்திய அமைதிப்படையின் 8ஆவது மகார் படைப்பிரிவு அதிகாரி. 1987 நவம்பர் 25ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகளுடன் நடந்த மோதலில் மாண்டு, இந்தியாவின் பரம வீர சக்கர விருதைப் பெற்றார். தமிழர் ஒருவர் தமிழர் மண்ணில் தமிழரோடு போரிட்டு விழுந்த மரணம் அது. அமைதிப்படை ஈழத்தமிழருக்குத் தந்த துயரம் மறக்கக்கூடியதல்ல. ஆகவே அந்த அதிகாரியின் வீரத்தைத் தமிழகம் பேசத் தயங்கியது. அந்தப் போர் சரியா என்பது ஒரு கேள்வி, அதில் அனுப்பப்பட்டவன் எப்படி நடந்துகொண்டான் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் பிரிக்கத் தெரியாத சமூகம் ஒன்று வீரனைப் பழிக்கும், அல்லது போரையே புனிதமாக்கும்.

மேஜர் முகுந்த் வரதராஜன் கதை இதற்கு நேர்மாறு. 44ஆவது ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் அதிகாரியான அவர் 2014 ஏப்ரல் 25ஆம் தேதி காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடன் மோதி உயிர் துறந்தார். அசோக சக்கர விருது வழங்கப்பட்டது. 2024இல் ‘அமரன்’ திரைப்படம் அவர் பெயரைத் தமிழர் வாழும் ஊர்களுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. மலேசியத் தமிழ் ரசிகர்களும் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். நல்லதுதான். அதே மோதலில் முகுந்தோடு விழுந்த சிப்பாய் விக்ரம் சிங்கின் பெயர் எத்தனை பேர் மனத்தில் நின்றது? சினிமா தரும் நினைவு வேகமானது, ஆனால் ஒரு முகத்துக்குமேல் தாங்காது. காஷ்மீரில் விழுந்த வீரனை அறிந்த சுங்கைப் பட்டாணி இளைஞன், தன் ஊரிலிருந்து சில மணி நேரத் தொலைவில் விழுந்தவரை அறியவில்லை என்றால் குறை அந்த இளைஞனிடம் இல்லை. சொல்லத் தவறியவர்களிடம் இருக்கிறது.

தியாகம் நற்சான்றிதழ் அல்ல

இவ்வளவையும் தொகுத்துப் பார்க்கையில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளைகளும் ரத்தம் சிந்தினார்கள், ஆகவே எங்களுக்கும் உரிமை உண்டு என்ற வாதம் மேடையில் நன்றாக ஒலிக்கும். அது ஆபத்தான வாதம். குடியுரிமை ரத்தத்தால் வாங்கப்படும் பண்டம் என்று ஒப்புக்கொண்டால், ரத்தம் சிந்தாதவனுக்கு அது இல்லை என்றாகிவிடும். தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டி இந்த நாட்டின் கருவூலத்தை நிரப்பியவர்களுக்கு வேறு சான்று எதற்கு? மோகன சந்திரனும் சகாதேவனும் தம் சமூகத்தின் விசுவாசத்தை நிரூபிக்கச் சாகவில்லை. ஏற்றுக்கொண்ட வேலையைக் கடைசிவரை செய்தபோது செத்தார்கள். அவர்களை நினைப்பது அவர்களுக்குச் செய்யும் கடன். அதைப் பேரம்பேசும் சீட்டாக்கினால் கடன் தீராது.

இன்று ஆயுதப்படையில் இந்தியர், சீனர் விழுக்காடு மிகக் குறைவு என்று நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் பேசப்படுகிறது. பதவி உயர்வு பற்றிய ஐயம், தனியார் துறைச் சம்பளம், மொழி, சமயச் சூழல் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அவற்றோடு இதையும் சேர்க்க வேண்டும்: முன்னால் போனவனுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவன் முடிவெடுப்பான்.

செய்ய வேண்டிய வேலைகள் கைக்கெட்டாதவை அல்ல. எல்லைக் காட்டில் பணிபுரிந்தவர்களில் பலர் இன்று 70ஐத் தாண்டிவிட்டார்கள். கூலிம், சுங்கைப் பட்டாணி, பாலிங் வட்டாரங்களில் உள்ள முன்னாள் ராணுவத்தினரையும் போலீஸ்காரர்களையும் தேடி, அவர்கள் வாய்மொழியைத் தமிழில் பதிவு செய்யும் பணியைத் தமிழ் எழுத்தாளர் அமைப்புகளும் கல்லூரி மாணவர்களும் இந்த ஆண்டே தொடங்கலாம். அவர்களிடம் இருக்கும் பணிப்புத்தகம், பதக்கம், படைப்பிரிவுப் புகைப்படம் ஆகியவற்றை நகலெடுத்துக் காக்கலாம். படைத்துறையிடம் இருக்கும் பெயர்ப்பட்டியலைக் கேட்டுப் பெற்று, மாண்டவரின் பெயரோடு அவர் பிறந்த தோட்டத்தின் பெயரையும் சேர்த்து அச்சிடலாம். தமிழ்ப்பள்ளிகள் ஜூலை 31ஆம் நாளன்று கணபதியின் பெயரையும் மோகன சந்திரனின் பெயரையும் ஒரே மேடையில் சொல்லிக் கொடுக்கலாம். ஓய்வூதியமற்ற முன்னாள் வீரர்களின் கோரிக்கையை இனக் கோரிக்கையாக்காமல், எல்லா இனத்து வீரர்களோடும் சேர்ந்து எழுப்பலாம்.

தோட்டங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. லயம் இருந்த இடத்தில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் எழுகின்றன. ஊரே இல்லாமல் போனபின் ஊர்ப்பெயர் சொல்லி வீரனைத் தேட முடியாது. உங்கள் குடும்பத்தில், உங்கள் பழைய தோட்டத்தில் சீருடை அணிந்தவர் ஒருவர் இருந்திருந்தால், அவர் பெயரையும் படைப்பிரிவையும் பணிபுரிந்த ஆண்டுகளையும் இன்றே எழுதி வையுங்கள்.